இளமையில் மறைந்த இசைவாணர்கள்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள உத்திரமேரூரின் பெருமையைப் பாடப்புத்தகத்தில் படிக்காத மாணவர் இருக்கமாட்டார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்ததும், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கியதும், ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்ததும், கணக்குக் காட்டாதவரை வாரியத்திலிருந்து விலக்கியதும் அங்கே எழுத்தெழுத்தாகப் பதிந்துள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சபையில் பேசப்பட்ட விதிகளை நாம் இன்றும் படிக்கின்றோம். ஆனால், அந்த விதிகளை எடுத்து உரைத்தவரின் குரல் எப்படி இருந்தது? அது கணீரென்று ஒலித்ததா, தழுதழுத்ததா? கல் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது.

இசையையே கல்லில் பொறித்து வைக்க முயன்றவர்களும் நம் நாட்டில் இருந்தார்கள். புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. எழுத்தின் அமைதியைக் கொண்டு அது ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கணிப்பர். ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகள் அதில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்க முடிகிறது, ஆராய முடிகிறது. எனினும், அவற்றை வெட்டுவித்த காலத்தில் அந்தச் சுரங்கள் எந்தக் குழைவோடு, எந்த அசைவோடு பாடப்பட்டன என்று உறுதியாகப் பாடிக் காட்ட வல்லார் இன்று எவரும் இல்லை. பாட்டின் எலும்பைக் கல் காத்தது; உயிரைக் காக்க அதனால் ஆகவில்லை.

அப்படியானால் இசையின் உயிரைக் காப்பது எது? நூறாண்டு வாழ்ந்து பல தலைமுறைக்குக் கற்பித்துச் செல்லும் இசைவாணர் உண்டு. அவர்கள் இசை நிலைத்திருப்பதில் வியப்பில்லை. கச்சேரியின் நடுவே தந்தி அறுந்தாற்போல, புகழின் உச்சியில், இளமையில் மறைந்துபோன இசைவாணரின் கதை என்ன? அவர்களுள் சிலரை மட்டும் உலகம் ஏன் மறக்க மறுக்கிறது? இதை ஆராய்வதற்குத் தமிழ்நாடு ஆறு மாத இடைவெளிக்குள் பறிகொடுத்த இருவரைப் பார்ப்போம். ஒருவர் சங்கீத மேடையில் அரசோச்சியவர். மற்றவர் நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தவர். முன்னவர் 1934இல் மறைந்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. பின்னவர் 1933 டிசம்பரில் மறைந்த செங்கோட்டை கிட்டப்பா. முன்னவரின் குரல் பதிந்த இசைத்தட்டு ஒன்றேனும் நமக்கு இல்லை. பின்னவரின் குரலோ இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கிறது. இருவர் புகழும் மங்கவில்லை. அதனாலேயே இவ்விருவரையும் சேர்த்து ஆராய்வது பயனுடையது.

முதலில் நம் வட்டாரத்தவரான நாயனாப் பிள்ளையைக் காண்போம். சுப்பிரமணியம் என்பது அவருக்கு இட்ட பெயர். நாயனா என்பது செல்லப் பெயர். 1889இல் காஞ்சிபுரத்தில் இசையே குலச்செல்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். தாயார் காமாட்சியம்மாளும் பெரியதாயார் முறையினரான தனகோடியம்மாளும் அந்நாளில் பெரும்புகழ் பெற்ற பாடகியர். தியாகராஜரின் கீர்த்தனைகளில் நாயனாப் பிள்ளைக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. அம்மகானின் ஆராதனை விழாவைக் காஞ்சியில் அவர் நடத்திவந்தார்.

அவருடைய கச்சேரிக்கு 'புல் பெஞ்சு' கச்சேரி என்று ரசிகர்கள் பெயரிட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் பலர் ஒருங்கே அமர்ந்து வழக்கைக் கேட்பதற்கு வழங்கும் பெயர் அது. அதைச் சங்கீத மேடைக்கு இழுத்துவந்ததில் நகைச்சுவையும் உண்டு, உண்மையும் உண்டு. நடுவில் பாடகர், சுற்றிலும் வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பெருங்கூட்டம். கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் மேதையான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், வாயினாலேயே தாளச் சொற்களைக் கொட்டிக் குவிக்கும் கொன்னக்கோல் பக்கிரியாப் பிள்ளையும் அந்த மேடையை அணிசெய்தவர்கள்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கவாத்தியம் என்றால் பாடகருக்குப் பக்கத்தில் அடங்கி ஒடுங்கி வாசிப்பது என்ற எண்ணம் அந்த மேடையில் செல்லாது. கடினமான தாளம் ஒன்றில் பல்லவியை எடுத்துக்கொண்டு, பாடகர் ஒரு கணக்கை வீசுவார். வயலின் அதை வாங்கித் திருப்பித் தரும். மிருதங்கமும் கஞ்சிராவும் கடமும் முறைவைத்து அதைப் பிரித்தும் பெருக்கியும் காட்டும். கடைசியில் அனைவரும் ஒரே புள்ளியில் வந்து இறங்குவார்கள். ஒருவர் அரை மாத்திரை தவறினாலும் கோபுரம் சரியும். தனித்தனியே பெரியவர்களான பலர் ஓர் உடம்பின் உறுப்புகளாகி இயங்கிய இசை அது. இக்காலத்து இளைஞர் மேல்நாட்டு இசைக்குழுக்களிடம் எதைக் கண்டு மயங்குகின்றார்களோ, அந்தக் கூட்டுயிர்ப்பு காஞ்சியில் நூறாண்டுக்கு முன்னரே இருந்தது.

அத்தகைய நாயனாப் பிள்ளை நாற்பதுகளின் நடுவில் நோய்வாய்ப்பட்டு, 1934இல் மறைந்தார். தலைவனை இழந்த அந்தக் கூட்டம் கலைந்தது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தான் தொடங்கிற்று. ஆகவே அந்நிலையத்தின் காற்றலையில் அவர் குரல் ஏற வாய்ப்பில்லை. அந்நாளைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிக்க முடியும். நெடுநேரம் விரிந்து செல்லும் பல்லவி அதில் அடங்குவதேது?

இனிக் கிட்டப்பாவிடம் செல்வோம். அவர் 1906இல், அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த செங்கோட்டையில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் கங்காதர ஐயர். வறுமை காரணமாகச் சகோதரர்கள் சிறுவயதிலேயே நாடக மேடைக்கு வந்தனர். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்க வேண்டிய வயதில் கிட்டப்பா மேடையில் பாட்டும் வசனமும் கற்றார். பின்னர் சென்னையில் காட்சி ஜோடனைக்குப் பேர்போன கன்னையா கம்பெனியில் சேர்ந்து பெரும்புகழ் பெற்றார். அதன்பின் சகோதரர்களுடன் சேர்ந்து சொந்தமாகவே நாடகம் நடத்தத் தொடங்கினார். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, தம்பி பாடுவார்.

அக்கால நாடகம் நடந்த விதத்தை இன்றைய மாணவர் அறிந்தால்தான் கிட்டப்பாவின் அருமை விளங்கும். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவன் கொடுத்த காசும் காசுதான். அவன் காதுக்கும் சொல் தெளிவாக எட்ட வேண்டும். ஆதலால் உச்ச சுருதியில் பாடும் தொண்டையே மேடைக்கு உரியதாயிற்று. ஆயினும் உச்சத்தில் பாடுவோர் பலருக்குக் குரல் கத்தலாகிவிடும். கிட்டப்பாவின் குரலோ மேலே செல்லச் செல்ல மெருகேறியது. மின்னலைப் போல் விரையும் பிருகாக்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் முத்துமுத்தாக உதிர்ந்தன. தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் அமைந்த தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையை அவர் பாடிய அழகைச் சங்கீத வித்வான்களே புகழ்ந்தனர். 'ஒன்ஸ்மோர்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவியது இத்தகைய நாடகக் கொட்டகைகளின் வாயிலாகவே.

அக்காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறையும் இருந்தது. நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி வரவழைக்கப்படுவர். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம், கோவலன் முதலிய நாடகங்களின் பாட்டும் வசனமும் அனைவருக்கும் மனப்பாடம். மேடையில்தான் வேலனும் வள்ளியும் ஒருவரையொருவர் நேர்க்குநேர் காண்பர். அங்கே நடக்கும் பாட்டுத் தர்க்கத்தில் யார் யாரை மடக்குகிறார் என்பதைக் காணவே கூட்டம் விடியும்வரை விழித்திருக்கும்.

இத்தகைய மேடையில் கிட்டப்பாவுக்கு இணையாக வந்து நின்றவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். 1908இல் காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, சிறுமியாகவே நாடகத்திற்கு வந்தவர் அவர். இருபதுகளின் நடுவில் இலங்கையில் அவர் நடித்துக்கொண்டிருந்தபோது கிட்டப்பாவும் அங்குச் சென்றார். இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். வெண்கல மணிபோன்ற பெண்குரலும், வானில் தாவும் ஆண்குரலும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று தூண்டி உயர்த்தின. தொழில் உறவு மன உறவாயிற்று. 1927இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அந்த இல்லறம் கதைகளில் வருவதுபோல இனிது நடக்கவில்லை. குலம் வேறு, ஊர் வேறு. கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மணம் நிகழ்ந்திருந்தது. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. இருவரிடையே பிணக்குகளும் பிரிவும் நேர்ந்தன. கிட்டப்பாவின் உடல்நலம் கெட்டது. மதுப்பழக்கம் அதை விரைவுபடுத்தியது என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழாவது வயதில் அவர் மறைந்தார். தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது. இன்னும் ஓரிரண்டு ஆண்டு இருந்திருந்தால் அவர் திரையில் தோன்றியிருக்கக்கூடும். அது நடவாமற் போயிற்று. அவர் நடிப்பு கண்டவர் கண்ணோடு போயிற்று. குரல் மட்டும் அரக்குத் தட்டுகளில் தங்கிற்று.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். கிட்டப்பாவை நாடு மறவாதிருப்பதற்குக் காரணம் யாது? உடனே தோன்றும் விடைகள் இரண்டு.

இளமையில் இறந்தார், ஆகவே இரங்குகிறோம் என்பது ஒரு விடை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. முதுமை எய்தாத குரல் நம் நினைவில் என்றும் இளமையாகவே இருக்கிறது. தளர்ந்த கிட்டப்பாவை யாரும் கேட்டதில்லை. ஆயினும் இரக்கம் நீண்டநாள் வாழாது. இறந்தவரை நேரில் அறிந்த தலைமுறையோடு அதுவும் மறைந்துவிடும். இளமையில் மாண்ட நடிகரும் பாடகரும் அந்த நாடகக் கம்பெனிகளில் எத்தனையோ பேர். கொள்ளைநோய்க்கும் வறுமைக்கும் இரையான அவர்கள் பெயரைக்கூட நாம் அறியோம். ஆகவே அகால மரணம் மட்டும் எவரையும் அமரராக்குவதில்லை.

இசைத்தட்டு இருந்தது, ஆகவே நிலைத்தார் என்பது மற்றொரு விடை. இதிலும் பாதி உண்மை உண்டு. மெழுகில் பதிந்து, அரக்குத் தட்டாக வார்க்கப்பட்டு, நிமிடத்திற்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழன்ற அந்தத் தட்டுகள், கொட்டகைக்கு வரமுடியாதவர் வீட்டுக்கும் கிட்டப்பாவைக் கொண்டுசென்றன. பெட்டியின் சாவியை முறுக்கி, ஊசியை மாற்றி வைத்தால், செங்கோட்டைக் குரல் சிற்றூர்த் திண்ணையில் ஒலித்தது. நாடகத்தில் ஒன்ஸ்மோர் கேட்டு மீண்டும் மீண்டும் நீட்டிய பாட்டை மூன்று நிமிடத்தில் அடக்கவேண்டிய நெருக்கடியும் ஒரு நன்மை செய்தது. வீண் விரிவு நீங்கிச் சாரம் மட்டும் நின்றது. ஆனால், அதே காலத்தில் தட்டுக் கொடுத்த பாடகர் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் தட்டுகளெல்லாம் பரண்மேல் தூசி படிந்து கிடந்து, உடைந்து, மறைந்தன. தட்டு குரலைக் காக்கும். கேட்கவேண்டும் என்ற விருப்பத்தைக் காக்காது. அதைக் காக்க மனிதர் வேண்டும்.

கிட்டப்பாவுக்கு அந்த மனிதர் வாய்த்தார். கணவன் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடவை உடுத்தார், அணிகளைத் துறந்தார், இனி எந்த ஆடவரோடும் இணைந்து நடிப்பதில்லை என்று நோன்பு பூண்டார். நாடகத் தொழிலையே நம்பிய ஒரு பெண்ணுக்கு அந்த நோன்பு தொழிலை முடித்துக்கொள்வதாகவே தோன்றியிருக்கும். ஆனால், அவர் வேறு வழி கண்டார். கதாநாயகி வேடத்தை விட்டுவிட்டுத் தொண்டர், துறவியர், மூதாட்டியர் வேடங்களை ஏற்றார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடமிட்டு நந்தனாராகவே நடித்தார். அதற்காக ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் அது எவரும் கேட்டறியாத தொகை. 'மணிமேகலை' 1940இலும், 'ஔவையார்' 1953இலும், 'பூம்புகார்' 1964இலும், 'திருவிளையாடல்' 1965இலும் வந்தன. 1951இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் மறையும்வரை, ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அந்த வெண்ணிற ஆடையிலேயே வாழ்ந்தார்.

இந்த நோன்பைப் போற்றிப் பேசும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண் வாழ்நாள் முழுதும் துறவு பூண்டதை மேடைமேல் மெச்சிக் கைதட்டுவது எளிது. அக்காலச் சமூகம் கணவனை இழந்த பெண்ணிடம் எதிர்பார்த்ததும் ஏறக்குறைய அதுவே. நாம் வியக்கவேண்டியது அவர் துறந்ததை மட்டுமன்று. அவர் துறக்காத ஒன்றையும் வியக்க வேண்டும். பாட்டை அவர் துறக்கவில்லை. மூலையில் அடங்கவேண்டியவர் என்று ஊர் நினைத்த கோலத்திலேயே மேடைக்கு வந்து, ஊரே எழுந்து நிற்கும்படி பாடினார். நாடகமேடையில் கிட்டப்பாவோடு போட்டியிட்டுப் பழகிய அந்த உச்சக் குரல், சொல் சிதையாத அந்தப் பாணி, நாற்பதாண்டுகள் திரையிலும் கோயில் மண்டபங்களிலும் ஒலித்தது. அவர் பாடக் கேட்ட ஒவ்வொரு தலைமுறையும், 'இவரோடு ஈடுகொடுத்துப் பாடிய அந்தக் கிட்டப்பா எப்படியிருந்திருப்பார்?' என்று வினவியது. அந்த வினாவே கிட்டப்பாவின் இசைத்தட்டைப் பரணிலிருந்து இறக்கிற்று.

கிட்டப்பாவின் பாணியைப் பிறரும் ஏந்தினர். சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்த டி. ஆர். மகாலிங்கம், கிட்டப்பாவின் பாட்டைக் கேட்டுக் கேட்டுத் தம் குரலை வார்த்துக்கொண்டவர். ஐம்பதுகளின் திரைப்படங்களில் அவர் குரல் மேல்நோக்கித் தாவியபோதெல்லாம், நாடகக் கொட்டகையைக் கண்டிருந்த முதியவர்கள் கிட்டப்பாவை நினைத்தார்கள்.

கடல்கடந்த நாட்டிலும் இதே விதி செயற்படுவதைக் காணலாம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் தோன்றிய 'லினர்ட் ஸ்கினர்ட்' என்னும் ராக் இசைக்குழு, 1977 அக்டோபர் 20இல் விமான விபத்துக்கு உள்ளாயிற்று. பாடகர் ரானி வான் சான்ட், கித்தார் வாசித்த ஸ்டீவ் கெயின்ஸ், அவர் தமக்கையும் பின்பாட்டுக்காரியுமான கேசி கெயின்ஸ் ஆகியோர் மாண்டனர். மூவரும் முப்பதைத் தாண்டாதவர்கள். அவர்களுடைய புதிய இசைத்தொகுப்பு வெளிவந்து மூன்றே நாள்கள் ஆகியிருந்தன. குழு கலைந்தது. பத்தாண்டு கழித்து, 1987இல், எஞ்சியவர்கள் மீண்டும் கூடினார்கள். அண்ணன் நின்ற இடத்தில் தம்பி ஜானி வான் சான்ட் வந்து நின்று பாடினார். குழுவைத் தொடங்கியவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவரும் 2023இல் மறைந்தார். அதன் பின்னரும் அப்பாடல்கள் மேடையேறுகின்றன. விபத்தைப் பற்றிய செய்தி சில மாதங்களில் பழையதாயிற்று. பாட்டை எடுத்துப் பாட ஆள் இருந்தமையால் பாட்டுப் பழையதாகவில்லை.

இசைத்தட்டே இல்லாத நாயனாப் பிள்ளையின் கதை இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அவருடைய மாணவர் சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை ஆசிரியரின் லயச் செல்வத்தைப் பேணி வளர்த்து, 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். சித்தூராரிடம் பயின்றவரே மதுரை சோமசுந்தரம். 'மதுரை சோமு' என்று சிற்றூர்க் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய மக்கள் கேட்டு மகிழ்ந்த அந்தப் பாட்டில், காஞ்சியில் அணைந்த விளக்கின் சுடர் இருந்தது. வீணை தனம்மாளின் பேர்த்தியராகிய பிருந்தாவும் முக்தாவும் நாயனாப் பிள்ளையிடம் பயின்றவர்கள். நெளிவு சுளிவு குன்றாமல் அவர்கள் காத்துப் பாடிய கீர்த்தனைகளைக் கற்க, பெயர்பெற்ற வித்வான்களே அவர்களை நாடிச் சென்றார்கள்.

காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த டி. கே. பட்டம்மாள், சிறுமியாய் இருந்தபோது நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டவர். அவரைத் தம் மானசீக குருவாகக் கருதியவர். பல்லவி பாடுவது ஆண்களுக்கே உரியது என்று சங்கீத உலகம் எண்ணியிருந்த நாளில், மேடையேறி இராகம் தானம் பல்லவியைக் கணக்குப் பிசகாமல் பாடிக்காட்டினார். 2009இல் அவர் மறைந்தபோது நாயனாப் பிள்ளை இறந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருமுறை கேட்ட சிறுமியின் செவி, முக்கால் நூற்றாண்டுக் காலம் ஒரு மேதையின் இசையைச் சுமந்து சென்றது என்றால், எந்த இயந்திரம் அதற்கு ஈடாகும்?

இவ்விரு கதைகளிலும் பொதுவாக உள்ள ஓர் உண்மையை நாம் காணாது விடலாகாது. அறுபட்ட இசையை ஏந்திச் சென்றவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் பெண்கள். சுந்தராம்பாள், பிருந்தா, முக்தா, பட்டம்மாள் ஆகிய நால்வரும், பெண் மேடையில் பாடுவதை ஏளனமாகவும் ஐயத்தோடும் நோக்கிய ஒரு காலத்தில் பாடியவர்கள். நாயனாப் பிள்ளையின் புல் பெஞ்சு மேடையில் பெண்களுக்கு இருக்கை இருந்ததில்லை. ஆனால், அந்த மேடை சரிந்தபின் அதன் செல்வத்தைக் காத்துக் கொடுத்தவர்களில் அவர்களே பலர். வரலாறு எழுதுவோர் மறைந்தவரின் பெயரைப் பெரிய எழுத்திலும், காத்தவரின் பெயரைச் சிறிய எழுத்திலும் எழுதிவிடுகின்றனர். மாணவர்கள் அவ்விரண்டையும் ஒரே அளவு எழுத்தில் எழுதப் பழகவேண்டும்.

இன்று ஒலிப்பதிவு எல்லோர் கையிலும் வந்துவிட்டது. சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசி, நாயனாப் பிள்ளையின் காலத்தில் ஒரு பெருங்கூடத்து இயந்திரங்களாலும் இயலாத வேலையைச் செய்கிறது. ஆகவே இனி எந்தக் குரலும் மறையாது என்று நாம் நிம்மதி கொள்ளலாமா? குடுமியான்மலைப் பாறை அதற்கு விடை கூறுகிறது. அங்கே பதிவு உண்டு. பாடுவோர் தொடர்ச்சி இல்லை. காஞ்சியில் பதிவு இல்லை; தொடர்ச்சி உண்டு. இவ்விரண்டனுள் எங்கே இசை உயிரோடு இருக்கிறது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் மாணவர்களுக்கு இந்த வினா மிக அண்மையில் உள்ளது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து ஆடுவது இவ்வட்டாரத்தின் நெடுங்கால வழக்கம். கட்டை கட்டி, புசக்கீர்த்தி அணிந்து, இரவு முழுதும் உச்சக் குரலில் பாடி ஆடும் கூத்தர்களுள் பலர் முதுமை அடைந்துவிட்டனர். மேளக்காரரும், முகவீணை ஊதுவாரும், பம்பைக்காரரும் உங்கள் தெருவிலோ அடுத்த ஊரிலோ இருக்கக்கூடும். அவர்களை ஒருநாள் படம்பிடித்து வைப்பது நல்லதுதான். அவர்களிடம் சென்று அமர்ந்து, ஒரு பாட்டையேனும் ஒரு தாளக்கட்டையேனும் வாய்விட்டுக் கற்றுக்கொள்வது அதனினும் நல்லது. ஊரைவிட்டு வேலைக்குச் செல்லும் நாளில் அந்த ஒரு பாட்டு உங்களோடு வரும். உங்கள் பிள்ளைகளுக்கும் போகும்.

கிட்டப்பாவுக்கு இருபத்தேழு ஆண்டுகளே கிடைத்தன. நாயனாப் பிள்ளைக்கு அரை நூற்றாண்டும் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடையாத ஆண்டுகளைப் பிறர் தம் தொண்டையினால் ஈடு செய்தார்கள். காலத்தின் கணக்கை நம்மால் மாற்ற முடியாது. நல்ல பாட்டு ஒன்றைக் கேட்டபின், அதை நம்மோடு நின்றுவிடச் செய்வதா, அடுத்தவர்க்குக் கொடுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையார் தம் விதிகளைக் கல்லில் வெட்டி நம்மிடம் ஒப்படைத்தார்கள். இசைவாணர் தம் செல்வத்தை ஒப்படைப்பதற்கு நம் செவியையும் நாவையும் அன்றி வேறு கல் இல்லை.